கட்டுப்போட்ட குழாய்

“இந்த ஆஸ்பத்திரியிலேயே அதிகமா கை கழுவுறவ நான்தான். பிறகு ஏன் நான் பாக்கிற பிள்ளையளுக்கு மட்டும் காய்ச்சல் வருது?”

சொர்ணவல்லி நின்றுகொண்டே கேட்டாள்.

எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெனாசிர் நெல்லிக்காய் தின்றுகொண்டிருந்தாள். 

கேட்டவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. பதில் சொல்ல வேண்டியவளுக்கு இருபத்தொன்பது.

குரு என்றதும் தாடியையும் தண்டத்தையும் தேடாதீர்கள். இந்தக் குரு பஸ் ஏறி வருகிறவள். தோளில் ரெக்சின் பை, பையில் குடை, தண்ணீர் பாட்டில், மிச்ச நெல்லிக்காய். அவளும் நர்ஸ்தான். மலையடிவாரத்தில் இருக்கும் ஐந்து சின்ன ஆஸ்பத்திரிகளில் ஒருவர் நோய் இன்னொருவருக்குத் தொற்றாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

சொர்ணவல்லி பச்சைப் பிள்ளை வார்டின் மூத்த நர்ஸ். குறைமாதத்தில் பிறந்தவையும் எடை குறைந்து பிறந்தவையுமாக அங்கே எட்டுத் தொட்டில்கள். ஒன்று முதல் நான்கு வரை அவள் பொறுப்பு. மற்ற நான்கும் இன்னொரு நர்ஸ் ஜெயக்கொடியின் பொறுப்பு.

மூன்று வாரத்தில் நான்கு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பாலைத் துப்பின. துவண்டன. இரண்டு தேறின. ஒன்று டவுன் பெரிய ஆஸ்பத்திரியில் இன்னும் கிடக்கிறது. மூன்றாம் தொட்டில் பிள்ளை அங்கே போன மறுநாளே இறந்துபோனது.

நான்கும் சொர்ணவல்லி பார்த்த பிள்ளைகள்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வாய் எடுத்தால் அந்தப் பிள்ளையின் முகம் வந்து நின்றது.

“சிஸ்டர், கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க” என்றாள்.

“சிஸ்டர்லாம் வேண்டாம்க்கா. பெனாசிர்னே கூப்பிடுங்க” என்றாள் பெனாசிர். “இப்ப உங்க பக்கம் எத்தன பிள்ளை?”

“ஒண்ணே ஒண்ணு. ரெண்டாம் தொட்டில். இசக்கி பிள்ளை.”

“எடை?”

“ஆயிரத்து இருநூறு கிராம்.”

பெனாசிர் தின்பதை நிறுத்தினாள்.

இசக்கிக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை அது. எட்டாம் மாதத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. இன்னும் பெயர் வைக்கவில்லை. இன்னொரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வார்டை மூடிவிட்டு, இருக்கிற பிள்ளைகளை எல்லாம் டவுனுக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். மலைப்பாதையில் இரண்டு மணி நேரம். ரெண்டாம் தொட்டில் அதைத் தாங்காது. இது டாக்டரம்மாவுக்கும் தெரியும், சொர்ணவல்லிக்கும் தெரியும். இசக்கியிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, ஆனால் தெரிந்துதான் இருந்தாள்.

“நாளைக்கு ஒரு நாள் நீங்க வேலை பாக்க வேண்டாம்” என்றாள் பெனாசிர். “வார்டுல ஒரு மூலையில உக்காந்து பாருங்க. எது தப்புன்னு படுதோ எழுதிட்டு வாங்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

இதற்கா இவ்வளவு படிப்பு என்று சொர்ணவல்லிக்குத் தோன்றியது. ஆனாலும் போனாள்.

*

ஏழு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள்.

ஜெயக்கொடி மூக்கைச் சொறிந்தது இரண்டு தடவை. டாக்டரம்மா ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொண்டே போனை எடுத்துப் பேசியது. தரை துடைக்கும் சாந்தாமேரி ஒரே வாளித் தண்ணீரில் மூன்று அறையைத் துடைத்தது. இசக்கியின் தாலிக் கயிறு தொட்டில் விளிம்பில் பட்டது. ஜன்னலில் பல்லி.

பெனாசிர் ஏழு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தாள். பல்லியைக்கூட விடவில்லை.

“எல்லாரும் இருக்காவ. உங்க பேரக் காணோமே?”

“என் பேரு எதுக்கு?”

பெனாசிர் அந்தத் தாள்களை நான்காக மடித்தாள். குனிந்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அடியில் செருகினாள். மேசையை ஒரு தடவை அசைத்துப் பார்த்தாள்.

“இப்ப ஆடல.”

சொர்ணவல்லிக்குக் கோபம் வந்துவிட்டது. வராதா பின்னே? ஒரு நாள் முழுக்கக் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்து எழுதியது.

“ஏம்மா, நான் என்ன விளையாடவா வந்திருக்கேன்? ஒரு பிள்ளை செத்திருக்கு. இன்னொண்ணு தொட்டில்ல கிடக்கு. அந்த ஜெயக்கொடியப் போய்ப் பாரு. பத்தடி நடந்து குழாய்க்குப் போகச் சோம்பல் அவளுக்கு. தொட்டில்ல தொங்குற கிருமி மருந்துக் குப்பிய ஒரு அமுக்கு அமுக்கி, கையத் தேச்சுக்கிட்டே பிள்ளையத் தூக்கிருவா. தண்ணியே படாது. அவ பிள்ளைய நாலும் கல்லுக்குண்டு கணக்கா இருக்கு. கடவுளுக்குக் கண்ணு இருக்கா?”

பெனாசிர் நிமிர்ந்தாள்.

“இன்னொரு தடவ சொல்லுங்க.”

“கடவுளுக்குக் கண்ணு இருக்கான்னு கேட்டேன்.”

“அது இல்லக்கா. அதுக்கு முன்னால.”

“தண்ணியே படாதுன்னேன்.”

பெனாசிர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வார்டை நோக்கி நடந்தாள். என்ன சொன்னோம் என்று புரியாமல் சொர்ணவல்லி பின்னால் ஓடினாள்.

*

வார்டு வாசலை ஒட்டிக் கை கழுவும் தொட்டி. ஒரு குழாய். பக்கத்தில் பம்பு வைத்த பிளாஸ்டிக் குப்பியில் சோப்பு.

பெனாசிர் பையிலிருந்து பஞ்சு சுற்றிய நீளக் குச்சிகளை எடுத்தாள். குழாய் வாயில் ஒன்றைத் தடவி ஒரு சின்னக் கண்ணாடிக் குழலில் போட்டு மூடினாள். தொட்டி விளிம்பில் ஒன்று. சோப்பில் ஒன்று. தொட்டில் கம்பியில் ஒன்று. ஜெயக்கொடியின் விரலில் ஒன்று.

“உங்க கையும் குடுங்கக்கா.”

“என் கையா?”

“ஆமா.”

சொர்ணவல்லி நீட்டினாள். கழுவிக் கழுவி வெளுத்துப்போன கை அது. ரேகை பார்க்கிறவன் வந்தால் ஏமாந்து போவான் என்று ஜெயக்கொடி கேலி செய்வதுண்டு.

ஒவ்வொரு குழலிலும் பெனாசிர் பெயர் எழுதி ஒட்டினாள். பிறகு கட்டுப் போடும் துணிச்சுருள் ஒன்றை எடுத்து வந்து குழாயைச் சுற்ற ஆரம்பித்தாள். சோப்புக் குப்பியையும் சேர்த்துச் சுற்றி, முடிச்சுப் போட்டாள். குழாய்க்குக் கை முறிந்தது போல இருந்தது.

“இது என்ன கூத்து?” என்றாள் சொர்ணவல்லி.

“இனி நான் சொல்றவரைக்கும் இங்கன யாரும் கை கழுவக் கூடாது. தொட்டில்ல தொங்குற மருந்தத்தான் தேய்க்கணும். கையில அழுக்கு கண்ணுக்குத் தெரிஞ்சா, பிரசவ அறைக்குப் போய் அங்க உள்ள புதுச் சோப்புல கழுவிட்டு வரணும். புதுசா எந்தப் பிள்ளையையும் உள்ள எடுக்க வேண்டாம்னு டாக்டரம்மாகிட்டச் சொல்லிருதேன்.”

“ஊர் ஊராப் போய் கை கழுவச் சொல்லிக்குடுக்கிறவ நீ.”

“ஆமாக்கா.”

“நீயே குழாயக் கட்டுத?”

“ஆமாக்கா.”

“காரணத்தச் சொல்லு.”

“தெரியாது. மூணு நாள்ல லேப்ல சொல்லுவாக.”

“தெரியாமலா கட்டுத?”

“தெரியாம இருக்கதாலதான் கட்டுதேன். தெரிஞ்சா தூக்கிப் போட்டுருவேன்.”

சொர்ணவல்லிக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. ஜெயக்கொடிக்கோ உள்ளூரச் சிரிப்பு.

“என்னக்கா, இனி நீங்களும் நம்ம கட்சிதானா?”

“போடி, உன் வேலையப் பாரு.”

பெனாசிர் ரெண்டாம் தொட்டிலுக்குப் போனாள். இசக்கி ஸ்டூலில் உட்கார்ந்து, தொட்டிலாக வைத்திருந்த இளஞ்சூட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டிலில் தொங்கிய மருந்துக் குப்பியைக் கழற்றி பெனாசிர் அவள் மடியில் வைத்தாள்.

“இது உன் பொறுப்பு. உன் பிள்ளைகிட்ட யாரு வந்தாலும், இதக் கையில வாங்கித் தேச்சு, காஞ்ச பிறகுதான் தொடணும்.”

“டாக்டரம்மா வந்தா?”

“அவுக வந்தாலும்.”

“நீங்க வந்தா?”

“நான் வந்தாலும். நீ தொட்டாலும்.”

இசக்கி தலையாட்டினாள். குப்பியை மடியிலிருந்து எடுக்கவேயில்லை.

சொர்ணவல்லிக்குச் சுருக்கென்றது. இருபத்தி நான்கு வருஷம் இந்த வார்டில் இருக்கிறவள் நிற்க, வந்து பத்து நாள் ஆன ஒரு தாய்க்காரியிடமா காவலைக் கொடுப்பது?

*

முதல் நாள் போனது. ரெண்டாம் தொட்டிலுக்குக் காய்ச்சல் இல்லை.

இரண்டாம் நாளும் போனது. இல்லை.

நல்ல செய்திதான். ஆனால் சொர்ணவல்லிக்கு அது சந்தோஷமாக இல்லை, குழப்பமாக இருந்தது. கை கழுவாமல் இருக்கும்போது பிள்ளை நன்றாக இருக்கிறது என்றால், கழுவியதற்கு என்ன அர்த்தம்? அந்த நினைப்பை அவள் முழுதாக நினைக்கக்கூட இல்லை. பாதியில் விட்டுவிட்டு வேறு வேலையைப் பார்த்தாள்.

கையில் அந்த மருந்தைத் தேய்த்தால் ஒரு குளிர்ச்சி, ஒரு சாராய வாடை, அப்புறம் ஒன்றுமில்லை. ஈரமும் இல்லை, நுரையும் இல்லை. இதெல்லாம் ஒரு சுத்தமா என்று இருந்தது. வீட்டுக்குப் போய் முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அப்போதுதான் மனசு கொஞ்சம் ஆறியது.

காலையில் வார்டுக்குள் வந்ததும் அவள் கை தானாகச் சோப்புக் குப்பிக்குப் போகும். அதை நிரப்புவதுதான் அன்றாடம் அவள் செய்யும் முதல் வேலை. பெரிய கேனிலிருந்து கொஞ்சம் சோப்பு, பம்பு அடைத்துக்கொள்ளாமல் இருக்கக் குழாயில் பிடித்த தண்ணீர் கொஞ்சம். அடி தெரிவதற்கு முன் ஊற்றிவிடுவாள். வீட்டில் உப்பு ஜாடியும் அரிசிப் பானையும் அவளுக்கு அப்படித்தான். துடைத்து எடுக்க விடமாட்டாள். பாதிக்கு மேல் இறங்கினாலே மேலே கொட்டிவிடுவாள். தீர்ந்துபோச்சு என்ற பேச்சே வரக் கூடாது.

நான்கு வருஷமாக அந்தக் குப்பி ஒரு நாள்கூடக் காலியானதில்லை. மற்ற வார்டில் சோப்பு இல்லை என்று நர்சுகள் சண்டை போடுவார்கள். இவள் வார்டில் அந்தச் சண்டை கிடையாது. டாக்டரம்மாவே பத்துப் பேர் முன்னால் அதைச் சொல்லிப் பாராட்டியிருக்கிறாள்.

இப்போது அந்தக் குப்பியும் குழாயோடு சேர்ந்து கட்டுக்குள் கிடந்தது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

*

மூன்றாம் நாள் மத்தியானம் டாக்டரம்மா ரெண்டாம் தொட்டிலைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“உறிஞ்சிப் பாக்குதே இது! இன்னிக்கு மூக்குக் குழாய் வழியா வேண்டாம். பாலாடையில ஒரு வாய் குடுத்துப் பாருங்க.”

இசக்கிக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. பிறந்து பதின்மூன்று நாளாகப் பிள்ளைக்கு மூக்கில் செருகிய குழாய் வழியாகத்தான் பால். வாயால் ஒரு சொட்டு இறங்கியதில்லை.

பாலாடையில் பால் புகட்டுவது லேசான காரியம் இல்லை. மூக்கு வைத்த அந்தச் சின்னக் கிண்ணத்தை உதட்டோரம் சாய்க்க வேண்டும். ஒரு சொட்டுக் கூடினால் புரையேறிவிடும். அந்த ஆஸ்பத்திரியில் சொர்ணவல்லிக்கு இணையாக அதைச் செய்ய ஆள் கிடையாது.

இசக்கி பாலைப் பீய்ச்சிக் கொடுத்தாள். ஜெயக்கொடி தண்ணீரில் கொதிக்க வைத்த பாலாடையை எடுத்து மூடி வைத்தாள்.

சொர்ணவல்லி வாசல் பக்கம் போனாள்.

யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவள் யாரையும் ஏமாற்ற நினைக்கவும் இல்லை. முதல் வாய்ப் பால். அந்தச் சின்ன உதட்டுக்குப் பக்கத்தில் போகிற விரல். சாராய வாடையோடு போவதற்கு அவளுக்கு மனசு வரவில்லை. அன்புதான், வேறொன்றும் இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் அவளுக்கு அநியாயம் செய்ததாகும்.

முடிச்சை அவிழ்த்தாள். துணியைத் தளர்த்தினாள். சோப்பை இரண்டு தடவை அமுக்கினாள். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, முழங்கை. நுரை பொங்கியது. மூன்று நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்ட மாதிரி இருந்தது.

துணியை மறுபடி சுற்றினாள். இரண்டு கையையும் மேலே தூக்கிப் பிடித்து, காற்றில் உலர விட்டபடி நடந்து வந்தாள்.

கண்ணாடிப் பெட்டியின் வட்டக் கதவைத் திறக்கக் கையை நீட்டினாள்.

இசக்கியின் கை குறுக்கே வந்தது.

“அக்கா. மருந்து.”

“நான் இப்பத்தான் கழுவிட்டு வாரேன்.”

“மருந்து போடலையே.”

“ஏம்மா, சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவிருக்கேன். பாரு, இன்னும் ஈரம் போகல.”

“மருந்து போட்டுத் தேச்சு, காஞ்ச பிறகுதான்னு அந்தக்கா சொல்லிருக்காவ.”

“யாருக்குச் சொன்னா? எனக்கா? நான் யாரு தெரியும்ல?”

“தெரியும்க்கா.”

“நீ பொறக்கும்போதே நான் பிள்ளையளத் தூக்குனவ.”

“தெரியும்க்கா.”

கை மட்டும் குறுக்கே இருந்து விலகவில்லை. வீட்டில் வாய் திறக்காதவள் என்று இசக்கியைப் பற்றி அவள் மாமியாரே சொல்லியிருந்தாள்.  

சொர்ணவல்லிக்கு முகம் சிவந்தது. ஜெயக்கொடி பார்க்கிறாள். அந்தப் பக்கத்துத் தாய்மார் பார்க்கிறார்கள். கிண்ணத்தில் பால் இருக்கிறது.

“அப்ப நீயே புகட்டிக்கோ” என்றாள்.

அந்த நேரத்தில்தான் பெனாசிர் உள்ளே வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்திருக்க வேண்டும். மூச்சு வாங்கியது. கையில் லேபிலிருந்து வாங்கிய தாள்.

அவள் தாளைக் காட்டவில்லை. சொர்ணவல்லியின் ஈரக் கையைப் பார்த்தாள்.

“எங்கக்கா கழுவுனீங்க?”

சொர்ணவல்லியின் கண் வாசல் குழாய்ப் பக்கம் போனது.

“பிள்ளையத் தொட்டாச்சா?”

“தொடல” என்றாள் இசக்கி.

பெனாசிர் சுவரில் சாய்ந்துகொண்டாள். 

பிறகு கையுறை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய், கட்டைப் பிரித்து, சோப்புக் குப்பியை எடுத்துக்கொண்டு வந்தாள். பம்பைத் திருகிக் கழற்றினாள். ஒரு வாளியில் சோப்பை முழுக்கக் கவிழ்த்தாள். காலிக் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

அடியில் பாசி மாதிரி ஒரு வழவழப்பு, விரல் தடிமனுக்கு.

“இத எப்பக்கா கடைசியாக் கழுவுனீங்க?”

“சோப்பு வைக்கிற குப்பிய எதுக்குக் கழுவணும்?” என்றாள் சொர்ணவல்லி.

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது.

 ஒரு பிள்ளை தும்மியது.

“நாலு வருஷமா அடியில இருந்தது அடியிலயே இருந்திருக்கு” என்றாள் பெனாசிர். “நீங்க மேல மேல ஊத்திருக்கீங்க. தண்ணி சேத்த சோப்புல கிருமி சாகலக்கா. வளந்திருக்கு.”

“என் கையில எடுத்தியே, அந்தக் குச்சி?”

“அதுலயும் அதே கிருமி.”

“ஜெயக்கொடி கையில?”

“இல்ல. அவுக இந்தக் குழாய்ப் பக்கமே வாரதில்லையே.”

சோம்பலுக்கு மெடல் கொடுக்கிற வழக்கம் உலகத்தில் எங்கேயும் இல்லை. ஜெயக்கொடிக்கும் அது தெரிந்திருந்தது. அவள் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

“அந்த மூணாந்தொட்டில் பிள்ளை?” என்றாள் சொர்ணவல்லி.  

“அந்தப் பிள்ளை ரத்தத்துல இருந்ததும் இதுதான்.”

“அப்ப என் கையாலயா?”

பெனாசிர் அவளை நேராகப் பார்த்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

“ஆமாக்கா.”

மனசை விட்றாதீங்க, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும் என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சொர்ணவல்லி நம்பியிருக்கவும் மாட்டாள்.

“நான் ஜெயக்கொடி மாதிரி கழுவாம இருந்திருந்தா, அந்தப் பிள்ளை இருந்திருக்குமா?”

“தெரியலக்கா.”

“உனக்கு எதுதான் தெரியும்?” என்று கத்தினாள் சொர்ணவல்லி. அப்புறம் அழுதாள். முகத்தை மூடக் கையைத் தூக்கினாள். அந்தக் கையைப் பார்த்ததும் மூடாமல் கீழே போட்டாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

பெனாசிர் அவளைச் சமாதானப்படுத்தவில்லை, விட்டுவிட்டுப் போகவும் இல்லை. பக்கத்திலேயே நின்றாள்.

*

“பிரசவ அறையில போய்க் கையும் முகமும் கழுவிட்டு வாங்க” என்றாள் கொஞ்சம் பொறுத்து.

சொர்ணவல்லி போனாள். கழுவினாள். திரும்பி வந்து ரெண்டாம் தொட்டிலுக்கு மூன்றடி தள்ளியே நின்றாள். கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள்.

“ஜெயக்கொடி, நீ புகட்டுட்டி.”

“ஐயோ, எனக்கு வராதுக்கா. புரையேத்திருவேன்.”

“பெனாசிர்?”

“நான் பாலாடை பிடிச்சு ஆறு வருஷமாச்சு” என்றாள் பெனாசிர். 

எல்லாரும் சொர்ணவல்லியைப் பார்த்தார்கள்.

“என்னால முடியாது” என்றாள் அவள். “இனி நான் எந்தப் பிள்ளையையும் தொட மாட்டேன். வெளி நோயாளிக்குச் சீட்டு எழுதுற இடத்துல போட்டுருங்க. அங்க போயிருதேன்.”

கண்ணாடிப் பெட்டிக்குள் பிள்ளை வாயைத் திறந்து திறந்து மூடியது. அதற்குப் பசி.

இசக்கி ஸ்டூலிலிருந்து எழுந்தாள்.

சொர்ணவல்லிக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“நீ மட்டும் தடுக்கலேன்னா இந்நேரம் உன் பிள்ளைக்கும் அந்தக் காய்ச்சலக் குடுத்திருப்பேன், தாயி.”

இசக்கி திரும்பிப் பிள்ளையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

“பதிமூணு நாளா உன் பிள்ளைய என் கண்ணுக்குள்ள வச்சுப் பாக்கேன். உனக்கே தெரியும். அப்படி இருந்தும் என்னப் போய்த் தடுக்கணும்னு உனக்கு எப்படித் தோணுச்சு? எங்கிட்ட என்ன தப்பக் கண்ட?”

இசக்கிக்குக் கேள்வி விளங்கவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள்.

“ஒரு தப்பும் காணலக்கா. நான் உங்களப் பாக்கவே இல்ல. கையத்தான் பாத்தேன்.”

சொர்ணவல்லி தலையை நிமிர்த்தினாள்.

இசக்கி மருந்துக் குப்பியை எடுத்து மூடியைத் திறந்தாள்.

“இப்பவும் அதத்தான் பாக்கப்போறேன். முன்னால நீட்டுங்க, பால் ஆறுது.”